குர்துபாவின் காழி இப்னு ருஷ்து (ரஹ்)

ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றதும் இத்தாலி நாட்டு ஓவியர்களும் சிற்பிகளுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆயினும், பழைய கிரேக்கக் கல்வியை அக்கண்டம் மீண்டும் கைக்கொண்டதில் ஸ்பெயினின் மாலிகி மத்ஹபுக் காழி ஒருவருக்கும் பெரும் பங்குண்டு. ரஃபேல் என்னும் ஓவியர் 1509 முதல் 1511 வரை வத்திகான் மாளிகைச் சுவரில் தீட்டிய 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்தில், கிரேக்க அறிஞர்களிடையே தலைப்பாகை அணிந்த ஒருவர் காணப்படுகிறார். அவர் குர்துபா நகரத்து இப்னு ருஷ்து (ரஹ்) அவர்களே என்பது பலரின் கருத்து.

ஹிஜ்ரி 520இல், அதாவது கி.பி. 1126இல், அவர்கள் பிறந்தார்கள். அதே ஆண்டில் மறைந்த அவர்களின் பாட்டனார் குர்துபாவின் காழியாகவும் பெரிய பள்ளிவாசலின் இமாமாகவும் விளங்கியவர். இருவருக்கும் ஒரே பெயர்; ஆகவே நூலோர் நம் இமாமைப் 'பேரர்' என்று அடைமொழியிட்டுக் குறிப்பர். ஃபிக்ஹு, ஹதீஸ், மருத்துவம், தத்துவம் ஆகிய அனைத்தையும் அவர்கள் கற்றார்கள்.

கலீஃபா அபூ யஃகூப் யூசுஃப் அவர்களிடம் அறிஞர் இப்னு துஃபைல் அவர்களே இவர்களை அழைத்துச் சென்றார். வானுலகம் தொன்று தொட்டு உள்ளதா, படைக்கப்பட்டதா எனக் கலீஃபா வினவியபோது, தாம் தத்துவம் கற்றதையே இப்னு ருஷ்து அஞ்சி மறைத்தார்களாம். கலீஃபா தாமே இப்னு துஃபைலுடன் அப்பொருளை விரிவாக விவாதிக்கக் கண்ட பின்னரே அவர்களுக்கு அச்சம் நீங்கியது. அரிஸ்டாட்டிலின் நூல்கள் விளங்கவில்லை என்னும் கலீஃபாவின் குறையைத் தீர்க்கும் பணி அவர்களிடம் வந்தது. அவர்கள் கிரேக்கம் அறியாதவர்கள். அரபு மொழிபெயர்ப்புகளை ஒப்புநோக்கியே உரை எழுதினார்கள். 1169இல் இஷ்பீலியாவின் காழியான பின்பும், தம் நூல்கள் குர்துபாவில் இருக்க, அலுவல் நெருக்கடிக்கிடையே எழுத நேர்ந்ததைக் குறிப்பிட்டுள்ளார்கள்.

நம் மத்ரஸாக்கள் அவர்களை அறிவது 'பிதாயத்துல் முஜ்தஹித்' என்னும் நூலால். ஒரு மஸ்அலாவில் இமாம்கள் என்ன கூறினர் என்பதோடு அந்நூல் நின்றுவிடுவதில்லை. ஏன் வேறுபட்டனர் என்பதையும் ஆராய்கிறது. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்ததாலா, ஒருவருக்குக் கிடைத்த ஹதீஸ் மற்றவருக்குக் கிடைக்காததாலா, கியாஸ் வேறுபட்டதாலா என்று காரணத்தை நிதானமாக எடுத்துக்காட்டுகிறது. தம் மத்ஹபுக்காக வழக்காடாத இந்த நடுநிலை, ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் நமக்கு மிகவும் இனிக்கிறது.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு எழுதிய உரையில், பெண்களின் ஆற்றல் பிள்ளைப்பேற்றோடும் வளர்ப்போடும் முடக்கப்படுவதே நாடுகளின் வறுமைக்கு ஒரு காரணம் என்று அவர்கள் எழுதியது இன்றும் வியப்பளிக்கிறது.

1195இல் சோதனை வந்தது. கலீஃபா அல்மன்சூர் அவர்களைக் குர்துபாவை அடுத்த லூசேனாவுக்கு நாடு கடத்தினார். தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. கொள்கைக் குற்றச்சாட்டு கூறப்பட்டாலும், காஸ்டீல் நாட்டோடு போர் நிகழ்ந்த அவ்வேளையில் உள்ளூர் உலமாக்களின் ஆதரவு கலீஃபாவுக்குத் தேவைப்பட்டதே உண்மைக் காரணம் என நாம் கருதுகிறோம். சில ஆண்டுகளில் மன்னிப்புக் கிடைத்தது. 1198இல் மர்ராகுஷில் வஃபாத்தானார்கள். பின்னர் ஜனாஸா குர்துபாவுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, வாகனத்தின் ஒரு பக்கம் உடலும் மறுபக்கம் அவர்களின் நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததை இப்னு அரபி (ரஹ்) அவர்கள் நேரில் கண்டு பதிவு செய்துள்ளார்கள்.

அந்நூல்கள் ஐரோப்பாவில் பரவின. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மைக்கேல் ஸ்காட் முதலியோர் அவற்றை லத்தீனில் பெயர்த்தனர். அங்கு அவர்கள் பெயர் 'அவெரோயஸ்' ஆயிற்று. உரையாசிரியர் என்றாலே அவர்களைக் குறிக்கும் அளவுக்குப் புகழ் ஓங்கியது. எல்லாரும் வரவேற்றனர் என எண்ண வேண்டாம். பாரிஸ் நகர ஆயர் 1270இலும் 1277இலும் அவர்களைப் பின்பற்றியோரின் கருத்துகளுக்குத் தடை விதித்தார். மனிதநேயக் கல்வியின் முன்னோடி எனப்படும் கவிஞர் பெத்ரார்க்கும் அவர்களைக் கடுமையாக வெறுத்தார். ஆயினும் பதுவா பல்கலைக்கழகத்தில் அவர்களின் உரைகள் நெடுங்காலம் பாடமாயின. 1550 முதல் 1552 வரை வெனிஸ் நகரில் அரிஸ்டாட்டிலின் நூல்கள் இவ்வுரைகளோடு சேர்த்தே அச்சேறின.

பிளேட்டோ நூலுக்கு எழுதிய அவ்வுரையின் அரபு மூலம் இதுவரை கிடைக்கவில்லை. ஹீப்ரு மொழிபெயர்ப்பு ஒன்றன் வாயிலாகவே அது உலகிற்கு எஞ்சியுள்ளது.