லூகருக்கு முன்னே ஒரு போர்ச்சார்ட்

லூகர் என்ற கைத்துப்பாக்கியின் பெயரைக் கேள்விப்படாதோர் குறைவு. உலகப் போர்களைப் பற்றிய திரைப்படங்களில் ஜேர்மனிய அதிகாரியின் இடுப்பில் தொங்குவது பெரும்பாலும் அதுதான். அதற்கு மூலவடிவம் தந்த ஹியூகோ போர்ச்சார்ட்டின் பெயரோ அத்துறை வரலாற்றில் ஈடுபாடுடையோர் மத்தியிலேயே புகழ் பெற்றிருக்கின்றது. துப்பாக்கியால் நேர்ந்த அழிவுகளை நன்கறிந்த மண்ணிலிருந்து, துப்பாக்கி செய்தவரின் கதையை எழுதுவதா என நாமும் சற்றுத் தயங்கினோம். தமது படைப்பு தம் கையை விட்டுப் போவதை உயிரோடிருந்து பார்த்த ஒருவரின் வாழ்க்கை என்பதனாலேயே எழுதத் துணிந்தோம்.

1844 இல் ஜேர்மனியின் மக்டெபேர்க் நகரில் பிறந்த போர்ச்சார்ட், பதினாறு வயதளவில் அமெரிக்கா சென்றார். எமது வீடுகளிலும் ஒரு காலத்தில் ஓசையெழுப்பிய தையல் இயந்திரங்களைச் செய்த சிங்கர் நிறுவனத்திலும் அவர் பணியாற்றியிருக்கின்றார். கோல்ட், வின்செஸ்டர் ஆகிய ஆயுத நிறுவனங்களிலும் வேலை பார்த்த பின்னர், ஷார்ப்ஸ் நிறுவனத்தில் பொறுப்பேற்று 1878 ஆம் ஆண்டின் ஷார்ப்ஸ் - போர்ச்சார்ட் துப்பாக்கியை வடிவமைத்தார். சில ஆண்டுகளுக்குள் அந்நிறுவனம் மூடப்பட்டது. பின்னர் புடாபெஸ்டின் ஆயுதத் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கும் நிலைக்கவில்லை. எவருடனும் எளிதில் ஒத்துப்போகாத சுபாவம் அவருடையது என்றே அவரது பயணங்களைப் பார்க்கையில் எமக்குத் தோன்றுகின்றது.

இறுதியில் பேர்லினின் லுட்விக் லோவே நிறுவனம் அவருக்கு இடமளித்தது. அதுவும் தையல் இயந்திரம் செய்வதற்கெனத் தொடங்கப்பட்ட நிறுவனமே என்பது வியப்புக்குரியது. அங்குதான் 1893 இல் சி-93 என்னும் தானாக மீள நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கி உருவாகியது.

அதன் நுட்பத்தை முழங்காலுடன் ஒப்பிடலாம். நேராக நிமிர்த்திய காலை முன்னிருந்து தள்ளி மடக்க முடியாது. மூட்டின் பின்புறத்தில் தட்டினால் உடனே மடிந்துவிடும். ஹிராம் மக்சிம் தமது இயந்திரத் துப்பாக்கியில் கையாண்ட இந்த முறையைப் போர்ச்சார்ட் கையளவுக்குச் சுருக்கினார். வெடித்த கணத்தில் குழலும் பூட்டும் ஒன்றாகச் சிறிது தூரம் பின்வாங்கும். அதுவரை மூட்டு நிமிர்ந்தேயிருப்பதால் பூட்டுத் திறவாது. பின்னர் அது மேல்நோக்கி மடிய, வெற்றுக் கோது வெளியே வீசப்படும். கடிகாரச் சுருளை ஒத்த வில், மூட்டை மீண்டும் நிமிர்த்தி அடுத்த ரவையை உள்ளே தள்ளும். எட்டு ரவைகள் கொண்ட ரவைக்கூட்டைக் கைப்பிடிக்குள்ளேயே செருகும்படி அமைத்தார். இன்றைய கைத்துப்பாக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை பின்பற்றுவது இந்த அமைப்பையே. அவர் இதற்கென ஆக்கிய ரவையின் வழிவந்தவையே பிற்கால மவுசர் ரவையும் சோவியத்தின் டொகரேவ் ரவையும்.

குறைகளும் இல்லாமலில்லை. ஒரு கிலோவுக்கும் அதிகமான நிறை. வில்லைத் தாங்கிய பகுதி பின்னால் பெரிதாகத் துருத்தியது. கைப்பிடி ஏறத்தாழச் செங்குத்தாக நின்றது. மரக்கட்டையைப் பொருத்தித் தோளில் வைத்துச் சுட்டால் சிறப்பாக இயங்கிய அது, கையில் பிடித்தால் சங்கடம் தந்தது. சுவிற்சர்லாந்து இராணுவம் பரிசீலித்துவிட்டுத் திருத்தங்கள் வேண்டுமெனக் கேட்டது. போர்ச்சார்ட் இணங்கவில்லை. தம் வடிவில் திருத்த எதுவுமில்லை என்பதே அவரது நிலைப்பாடு. இந்தப் பிடிவாதத்தை நாம் முற்றாகப் பழிக்கமாட்டோம். ஆனால் அதற்கான விலை பெரிது.

திருத்தும் பணி அதே நிறுவனத்தின் ஜோர்ஜ் லூகரிடம் சென்றது. அவர் வில்லைக் கைப்பிடிக்குள் கொண்டுவந்து, கைப்பிடியைச் சாய்த்து, நிறையைக் குறைத்தார். சுவிற்சர்லாந்து 1900 இலும், ஜேர்மனியக் கடற்படை 1904 இலும், தரைப்படை 1908 இலும் அதனை ஏற்றன. சி-93 ஏறத்தாழ மூவாயிரம் மட்டுமே செய்யப்பட்டது. லூகரோ இலட்சக்கணக்கில் வெளிவந்தது. முதலாம் உலகப் போரின் பதுங்கு குழிகளில் அது செய்த வேலையைப் போர்ச்சார்ட் பேர்லினிலிருந்தே கண்டிருப்பார்.

லூகருக்கும் அப்பெயர் நிம்மதி தரவில்லை. முதுமையில் தமது நிறுவனத்துடனேயே வழக்காட நேர்ந்தது. 1923 டிசெம்பரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு மே மாதம், எண்பது வயதை எட்டவிருந்த நிலையில், போர்ச்சார்ட்டும் பேர்லினில் காலமானார்.