சூரியகாந்தி வளர்த்த புஸ்தவோய்த்

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டங்களில் மானாவாரி நிலக்கடலை பயிரிடும் குடியானவர், நல்ல செடியொன்றைத் தெரிந்து அதன் காய்களை விதைக்கென எடுத்துவைப்பாராயின், அச்செடியின் குணம் பெரும்பாலும் மறு வருஷத்திலும் வழுவாது தோன்றும். நிலக்கடலைப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது இதற்குக் காரணம். சூரியகாந்தியோ அத்தகையதன்று. தேனீக்கள் எந்தச் செடியின் மகரந்தத்தையோ கொணர்ந்து சேர்த்துவிடுதலால், தாயின் நலம் அறிந்தாலும் தந்தையின் குறை அறியப்படாது. இவ்விடர்ப்பாட்டோடு அறுபது வருஷம் பொருதவர் வாசிலி ஸ்தெபானவிச் புஸ்தவோய்த் என்பார். எண்ணெய்வித்து ஆராய்வோர் நன்கறிந்த அப்பெரியாரின் சரிதையைச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

அவர் 1886-ஆம் வருஷம் ஜனவரி மாதம் கார்க்கவ் பிரதேசத்துத் தாரானவ்கா கிராமத்தில் பிறந்தார். பயிர்த்தொழில் கற்று, தென் ருஷ்யாவின் குபான் நாட்டை அடைந்து, இன்று கிராஸ்னதார் எனப்படும் நகரை அடுத்த சோதனை வயலில் 1912-இல் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அவர் கையாண்ட முறையே நம் சிந்தைக்கு விருந்தாவது. பூத்தலைகளைத் தனித்தனியே கொய்து, ஒவ்வொன்றின் எண்ணெயையும் தோலின் அளவையும் கணித்தார். சிறந்தவற்றின் விதையை இரு கூறாக்கி, ஒரு கூற்றை விதைத்து, மறு கூற்றைச் சேமித்து வைத்தார். விளைந்த பிள்ளைச்செடிகள் தாயின் தகுதியை மெய்ப்பிக்கும். ஆயினும் அவை அயல் மகரந்தம் ஏற்றவை யாதலின் விதைக்கு ஆகா. ஆகவே சோதனையில் வென்ற குடும்பங்களின் சேமவிதையை மட்டும் எடுத்து, பிற சூரியகாந்தி அணுகாத இடத்தில் ஒருங்கே விதைத்து, நல்லவை நல்லவற்றோடே கலக்கச் செய்தார். ஒரு சுற்று முடியவே சில வருஷங்கள் கழியும். அவசரக்காரர்க்கு இஃது ஏலாது.

பயன் யாதெனின், 100-க்கு 30 பங்கு அளவில் இருந்த எண்ணெய் 1960-ஐ அடுத்த வருஷங்களில் 50-ஐக் கடந்தது. தோல் மெலிந்து பருப்பு பெருத்ததும் இதற்கு ஒரு காரணம். எண்ணெய் ஒன்றையே நாடியிருந்தால் அவர் தோற்றிருப்பார் என்பது நம் எண்ணம். ஏனெனில் அந்நாட்டு வயல்களை, நம் புகையிலைக் காளானின் இனத்ததாகிய வேர் ஒட்டுண்ணி ஒன்று அழித்துவந்தது. அதனை எதிர்த்து நிற்கும் குணத்தையும் உடன் தெரிந்தெடுத்தார். அவர் உண்டாக்கிய இனங்களுள் பெரெதோவிக் பெரும்புகழ் பெற்றது.

1959-இல் லெனின் பரிசு பெற்ற அவர், 1972 அக்டோபர் 11-இல் கிராஸ்னதாரிலேயே காலமானார். அதற்கு மூன்று வருஷம் முன்னரே, 1969-இல், பெரெதோவிக் உள்ளிட்ட ருஷ்ய வித்துக்கள் இந்தியாவை அடைந்து, கர்நாடகத்திலும் தமிழகத்திலும் பயிராயின. 1980-இல், ஓசூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நம் நாட்டின் முதற் சூரியகாந்தி வீரிய ஒட்டினை வெளியிட்டனர். அதன்பின் அம்மூத்த வித்துக்கள் ஒட்டுவிதைகளுக்கு மெல்ல இடம்விட்டன.