மரத்துக்கு வைத்தியம் பார்த்த ஜான் டேவி

வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் நிற்கும் மரங்களைப் பராமரிப்பது இன்று ஒரு தனித் தொழில். அதற்குப் படிப்பும் உண்டு, பயிற்சியும் உண்டு. அமெரிக்காவில் அந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர் ஜான் டேவி. மர அறுவைச் சிகிச்சையின் தந்தை என்று அவரை அங்கே சொல்வார்கள்.

அவர் 1846 ஜூன் 6 அன்று இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஸ்டாலி என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது பண்ணையில். சிறு வயதிலேயே அப்பாவோடு வயலில் இறங்கிவிட்டதால் பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. இருபது வயது வரை அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. பிறகு டார்கீ என்ற கடலோர ஊருக்குப் போய்த் தோட்டக்கலை பழகினார். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அந்த வயதில்தான் கற்றுக்கொண்டார்.

1873-ல் கப்பலேறி அமெரிக்கா வந்தார். ஒஹாயோ மாநிலத்தின் வாரன் நகரில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டே படிப்பைத் தொடர்ந்தார். 1880களின் தொடக்கத்தில் அதே மாநிலத்தின் கென்ட் நகரில் ஒரு கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு வந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த இடம் அது. அங்கிருந்த மரங்களில் காய்ந்த கிளைகளை எடுத்தார், காயங்களைச் சுத்தம் செய்தார், புதிய கன்றுகள் நட்டார். சில ஆண்டுகளில் அந்த இடம் பூங்காவைப் போல மாறியது.

ஊருக்குள்ளோ நிலைமை வேறு. மரம் பெரிதாகிவிட்டது, விழுந்துவிடும் என்ற பயத்தில் உச்சியை வெட்டி மொட்டை அடிப்பது அங்கே சகஜமாக இருந்தது. கிளைகளை நீளமான குச்சிகளாக விட்டு வெட்டினார்கள். அந்தக் குச்சிகள் காய்ந்து, உளுத்து, அழுகல் தண்டுக்குள் இறங்கியது. பாதுகாப்புக்காகச் செய்த வேலையே சில ஆண்டுகளில் மரத்தை ஆபத்தாக்குவதை டேவி மரம் மரமாகப் பார்த்தார். அதைப் படம் பிடித்தும் வைத்தார்.

அந்தப் படங்களோடு 1901-ல் மர மருத்துவர் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகத்தைத் தன் சொந்தப் பொறுப்பில் கடன்பட்டு வெளியிட்டார். எழுத்தறிவே தாமதமாக வந்த ஒருவர் எழுதிய அந்தப் புத்தகம்தான் வீட்டுக்காரர்கள் பலரைத் தங்கள் மரத்தை அண்ணாந்து பார்க்க வைத்தது. மரம் உயிருள்ளது, வெட்டினால் அதற்குக் காயம், காயத்துக்குக் கவனிப்பு வேண்டும் என்பதே அதன் சாரம். வேலை குவிந்தது. இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பள்ளி தொடங்கினார். 1909-ல் அவர் பெயரிலான நிறுவனம் முறையாகப் பதிவானது, இன்றும் நடந்துவருகிறது. டேவி 1923 நவம்பர் 8 அன்று காலமானார். அவருடைய மகன் மார்ட்டின் பின்னாளில் ஒஹாயோ மாநில ஆளுநரானார்.

டேவி காலத்து வைத்தியம் எல்லாமே சரியென்று சொல்ல முடியாது. மரத்தில் பொந்து விழுந்தால், பல் மருத்துவர் சொத்தைப் பல்லை அடைப்பதைப் போல, உளுத்த பகுதியைச் சுரண்டி எடுத்து சிமென்ட் நிரப்புவது அப்போது வழக்கம். அவரும் அவருடைய ஆட்களும் அதைத் திறமையாகச் செய்தார்கள். பிறகு வந்த அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து வேறு உண்மையைக் கண்டார். நம் தோலைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அழுகல் பரவாமல் மரம் உள்ளுக்குள் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்கிறது. அதற்கு மேல் புதிய கட்டையை வளர்க்கிறது. பொந்தைச் சுரண்டும்போது அந்தச் சுவர் உடைந்துவிடும். அதனால் சிமென்ட் அடைப்பைத் தொழில் தெரிந்தவர்கள் கைவிட்டார்கள். வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் பூசுவதும் தேவையில்லை என்றானது.

மொட்டை அடிப்பது பற்றி டேவி சொன்னது மட்டும் இன்றுவரை மாறவில்லை. உச்சியை வெட்டினால் மரத்தின் இலைகள் போகும். இலை போனால் அதன் உணவும் போகும். பதறிப்போன மரம் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்க்கச் செழிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் புதுக் கிளைகள் மேல் கட்டையில் மட்டுமே ஒட்டியிருப்பவை. அடியில் வெட்டுப்பட்ட இடம் உளுத்துக்கொண்டிருக்கும். நாலைந்து வருடங்களில் கனம் கூடி, காற்றடிக்கும் ஒரு நாளில் முறிந்து விழும். கீழே நிற்பது காராகவும் இருக்கலாம், குழந்தையாகவும் இருக்கலாம்.

நம் வளாகத்துக்கு இதில் பாடம் உண்டு. மழைக்கு முன் மரம் வெட்ட ஆள் வரும்போது, எவ்வளவு வெட்டப் போகிறீர்கள் என்பதோடு எந்தக் கிளையை, எந்த இடத்தில் என்றும் கேளுங்கள். காய்ந்தது, முறிந்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவற்றை முதலில் எடுக்கலாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு தெரியும். அதைச் சீவிவிடாமலும், குச்சி விடாமலும், அதை ஒட்டி வெளிப்பக்கம் வெட்ட வேண்டும். பெரிய கிளையென்றால் சற்றுத் தள்ளி முதலில் அடியில் பாதி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்துக் கனத்தை இறக்கிவிட்டு, கடைசியாக மிச்சத்தை எடுத்தால் தண்டின் பட்டை உரியாது.

வேரையும் மறக்க வேண்டாம். பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணிலேயே படர்ந்திருக்கும். வடிகாலுக்கோ கேபிளுக்கோ தண்டை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் மரத்தின் பிடி போய்விடும். தண்டு வரை சிமென்ட் போட்டால் வேருக்குக் காற்றும் தண்ணீரும் கிடைக்காது. திடீரென்று மரம் சாய்ந்தாலோ, அடியில் மண் வெடித்துத் தூக்கினாலோ, தண்டில் காளான் முளைத்தாலோ உடனே சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். மின்கம்பி உரசும் கிளையில் யாரும் கை வைக்க வேண்டாம். அது மின்வாரிய ஆட்களின் வேலை.