பரம்வீர் சக்ராவை வரைந்த சுவிட்சர்லாந்து பெண்: யார் இந்த சாவித்ரி கனோல்கர்?

குடியரசு தின அணிவகுப்பில் பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் ஜீப்பில் வருவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஊதா ரிப்பனில் தொங்கும் அந்தப் பதக்கம் ரொம்பச் சின்னது, விட்டம் மூன்றரை சென்டிமீட்டர்தான். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருது என்றாலும் அது வெறும் வெண்கலம். அடுத்த நிலையில் இருக்கும் மகாவீர் சக்ராதான் வெள்ளி!

இந்தப் பதக்கத்தை வடிவமைத்தவர் பிறக்கும்போது அவருடைய பெயர் சாவித்ரி இல்லை. ஈவ் இவோன் மடாய் டி மாரோஸ். 1913-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தார். அப்பா ஹங்கேரிக்காரர், அம்மா ரஷ்யர். ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் நூலகத்தில் அப்பாவுக்கு வேலை. இந்தியா பற்றிய புத்தகங்கள் ஈவுக்கு அறிமுகமானது அங்கேதான்.

1929-ல், பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமியில் படித்துக்கொண்டிருந்த மராத்தி இளைஞர் விக்ரம் கனோல்கரைச் சந்தித்தார். அவரைவிட விக்ரமுக்கு வயது அதிகம். மகளை இவ்வளவு தூரம் அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. ஈவ் விடவில்லை, கிளம்பி வந்துவிட்டார். 1932-ல் லக்னோவில் திருமணம். பெயர் சாவித்ரி ஆனது. இந்தி, மராத்தி, சமஸ்கிருதம் கற்றார். வேதங்களையும் புராணங்களையும் ஆழமாகப் படித்தார். அந்தப் படிப்புதான் பின்னாளில் கைகொடுத்தது.

சுதந்திரம் வந்ததும் ராணுவத்துக்கு ஒரு சிக்கல். அதுவரை உச்ச விருதாக இருந்தது பிரிட்டிஷ் அரசியின் பெயரில் உள்ள விக்டோரியா கிராஸ். 1947-லேயே காஷ்மீரில் போர் தொடங்கிவிட்டது. அங்கே உயிரைவிட்ட வீரர்களுக்கு எந்த நாட்டின் பதக்கத்தைக் கொடுப்பது? புதிய விருதுகளை உருவாக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடலிடம் வந்தது. அவர் அதை சாவித்ரியிடம் கொடுத்தார்.

நடுவில் சிங்கம், சுற்றிலும் வஜ்ரம்

பதக்கத்தின் நடுவில் அரசுச் சின்னமான அசோகரின் சிங்கங்கள். சுற்றிலும் நான்கு வஜ்ராயுதங்கள். வஜ்ரம் இந்திரனின் ஆயுதம், ஆனால் சாவித்ரி பிடித்துக்கொண்டது இந்திரனை அல்ல, ததீசி முனிவரை. விருத்திராசுரனை வேறு எந்த ஆயுதத்தாலும் கொல்ல முடியாத நிலையில், தன் எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உயிரைக் கொடுத்தவர் அவர். அந்த எலும்பில் செய்ததுதான் வஜ்ரம். ஆக, கொன்றவரைவிடக் கொடுத்தவரே இந்தப் பதக்கத்தின் நாயகன். உயிரைப் பணயம் வைப்பவருக்கான விருதுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கஷ்டம். புராணக் கதை என்றாலும் இது ஒரு மதத்தோடு நிற்கும் சின்னமும் இல்லை. பௌத்தத்திலும் வஜ்ரத்துக்கு முக்கிய இடம் உண்டு.

1950 ஜனவரி 26-ல் விருது அறிமுகமானது. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த வீரச்செயல்களுக்கும் அது பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டது. மேஜர்களின் தோளில் இருந்த பிரிட்டிஷ் கிரீடமும் போய், அங்கே சிங்கங்கள் வந்தன. எல்லாமே மாறிவிடவில்லை. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் உள்ள யானை, கிழக்கிந்தியக் கம்பெனி 1803-ல் மராத்தியர்களோடு மோதிய அசாயே போரின் நினைவு. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

முதல் பரம்வீர் சக்ரா, 1947 நவம்பர் 3-ல் காஷ்மீரின் பட்காமில் உயிரிழந்த மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. கையில் மாவுக்கட்டோடு போருக்குப் போனவர். அவருடைய தம்பிதான் சாவித்ரியின் மூத்த மருமகன். மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக சக்ரா என மற்ற பதக்கங்களையும் சாவித்ரியே வரைந்தார்.

1952-ல் விக்ரம் இறந்தார். அதன்பிறகு சாவித்ரி ஆன்மிகத்தின் பக்கம் போனார், ராமகிருஷ்ண மடத்தோடு நெருக்கமானார். மகாராஷ்டிரத்தின் மகான்கள் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1990-ல் காலமானார்.

அதற்கு 3 ஆண்டுகள் முன்பு, 1987 நவம்பர் 25-ல், இலங்கையில் அமைதிப்படையில் இருந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சண்டையில் உயிரிழந்தார். மும்பையில் பிறந்த தமிழரான இவர், பயிற்சி பெற்றது சென்னையில். அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இவர் மட்டும்தான். இதுவரை இந்த விருதைப் பெற்ற 21 பேரில் 14 பேருக்கு, பதக்கம் அவர்கள் இறந்த பிறகே வந்தது.