பெட்ரோல் பங்க்கில் தினமும் பார்க்கும் பெயர்: யார் இந்த ருடால்ஃப் டீசல்? கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்... கடலில் முடிந்த வாழ்க்கை!

பிரான்ஸ், இத்தாலி திராட்சைத் தோட்டங்களில் ஒவ்வொரு குளிர்காலமும் கொடிகளை வெட்டிக் கழிப்பார்கள். ஒரு ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு டன் குச்சிகள் சேரும். பல இடங்களில் அதை அப்படியே தீ வைத்து எரித்துவிடுவது வழக்கம். அந்தக் குச்சியிலிருந்து டீசல் எடுக்கலாம்னு இப்போ சொல்றாங்க. வயலில் விளைவதை வைத்து இன்ஜினை ஓட்டும் இந்த யோசனை, டீசல் என்ற பெயருக்குச் சொந்தக்காரருக்கே இருந்தது தெரியுமா?

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் ஜெர்மானியர்கள். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வெடித்ததும், குடும்பம் ஊரைவிட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. கையில் காசில்லை. 12 வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையன் படிப்பில் கெட்டி. மியூனிக்கில் கார்ல் வான் லிண்டே என்ற பேராசிரியரிடம் படித்தார். நீராவி இன்ஜின், எரிபொருளின் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வீணடிக்கிறது என்று வகுப்பில் கேட்டது அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

தீப்பொறி இல்லாமல் எப்படி எரியும்?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுமே, அதே விஷயம்தான். காற்றை மிக அதிகமாக அழுத்தினால், எரிபொருள் உள்ளே போனதுமே தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். 1893-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு நடந்த முதல் சோதனையில் அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. மனுஷன் விடவில்லை. 1897-ல் நடந்த சோதனையில் அவருடைய இன்ஜின் சுமார் 26 சதவீதத் திறனை எட்டியது.

கடலை எண்ணெய் கதை உண்மையா?

பாதி உண்மை. கடலை எண்ணெய்க்காகவே அவர் இன்ஜினை வடிவமைத்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. ஆரம்பத்தில் அவர் யோசித்த எரிபொருள்களில் நிலக்கரித் தூளும் ஒன்று. ஆனால் 1900 பாரிஸ் கண்காட்சியில், ஓட்டோ நிறுவனம் வைத்த ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில்தான் ஓடியது. இதைக் கேட்டது பிரெஞ்சு அரசு. கடலை விளையும் ஆப்பிரிக்கக் காலனிகளில் உள்ளூர் எரிபொருளையே பயன்படுத்தலாம் என்ற கணக்கு அது.

பிறகு டீசலே இதில் ஆர்வம் காட்டினார். 1912-ல் தாவர எண்ணெய்கள் ஒருநாள் பெட்ரோலியம் அளவுக்கு முக்கியமாகலாம் என்று பேசினார்.

கடலையில் எண்ணெய் இருக்கு, பிழிந்தால் வரும். திராட்சைக் குச்சியில்? அது வெறும் மரம். அதைக் குறைந்த காற்றில் சூடாக்கி, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக்கி, வினையூக்கி மூலம் திரவ டீசலாக மாற்ற வேண்டும். இந்த முறைக்கு அடிப்படையான ஃபிஷர்-ட்ரோப்ஷ் தொழில்நுட்பம் 1920-களில்தான் ஜெர்மனியில் வந்தது. அதைப் பார்க்க டீசல் உயிரோடு இல்லை. இன்றைக்கும் சிக்கல், சிதறிக் கிடக்கும் குச்சிகளைச் சேகரித்து, நறுக்கி, உலர்த்தும் செலவில்தான்.

அந்தக் கடைசி இரவு

1913 செப்டம்பர் 29. ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் 'டிரெஸ்டன்' கப்பலில் ஏறினார். இரவுச் சாப்பாடு முடிந்து, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் பார்த்தால் படுக்கை கலையவே இல்லை. தொப்பியும் கோட்டும் மேல்தளத்தில் கிடந்தன.

கொலை, எண்ணெய் முதலாளிகளின் சதி, உளவு என்று இன்றுவரை கதைகள் ஓடுகின்றன. எதற்கும் ஆதாரமில்லை. உலகமே அவரைப் பணக்காரர் என்று நம்பிக்கொண்டிருந்தபோது, அவர் பெருங்கடனில் மூழ்கியிருந்தார் என்பது மட்டும் பிறகு தெரிய வந்தது. டைரியில் அந்தத் தேதியில் ஒரு சிலுவைக் குறி.

பத்து நாள் கழித்து டச்சுப் படகு ஒன்று கடலில் ஒரு சடலத்தைக் கண்டது. பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அவை அப்பாவுடையவைதான் என்று மகன் யூஜென் அடையாளம் காட்டினார்.