உளுத்த படகு, 553 டாலர், 46,000 மைல்... ஜோஷுவா ஸ்லோக்கம் கதை!

ஓட்டை பைக் ஒன்றை வாங்கி, பார்ட் பார்ட்டாக மாற்றிப் புதுசாக்கும் நண்பர் ஒருத்தராவது நமக்கு இருப்பார். அதையே ஒரு படகில் செய்து, அதிலேயே குடியிருந்து, தனியாளாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். கிளம்பியபோது வயசு 51!

1844-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். டீன் ஏஜிலேயே கப்பலேறி, கேப்டனாக உயர்ந்தார். மனைவி வர்ஜீனியாவுக்கும் கப்பல்தான் வீடு. 1884-ல் பியூனஸ் அயர்ஸில் அவர் இறந்துபோனார். மூன்று வருஷத்தில், பிரேசில் கரையோரம் மணல்திட்டில் மோதி 'அக்விட்நெக்' கப்பலும் போச்சு. உலகம் நீராவிக் கப்பல்களுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பாய்மரக் கப்பல் கேப்டனை யார் தேடுவார்கள்?

'ஓசி'யில் வந்த படகு

1892-ல் ஈபன் பியர்ஸ் என்ற பழைய கேப்டன், கொஞ்சம் ரிப்பேர் பார்க்க வேண்டிய கப்பல் ஒன்று இருப்பதாகச் சொல்லி, ஸ்லோக்கத்தை மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவனுக்கு வரவைத்தார். போய்ப் பார்த்தால், வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நின்றது 'ஸ்ப்ரே'. ஒரு காலத்தில் சிப்பி அள்ளப் போன படகு. வருஷக்கணக்கில் தார்பாய்க்குள் உளுத்துக் கிடந்தது. ஊர்க்காரர்கள், அதை உடைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள்.

ஸ்லோக்கம் கோடரியை எடுத்தார். பக்கத்திலேயே ஓக் மரம் வெட்டி அடிமரம் செதுக்கினார். விலா மரங்களை நீராவியில் வேகவைத்து, இளகியதும் வளைத்துப் பொருத்தினார். மேலே ஒன்றரை அங்குலத் தடிமனில் ஜார்ஜியா பைன் பலகைகள். பலகை இடுக்குகளில் பஞ்சும் சணலும் திணித்து அடைத்தார். நம்மூர்க் கடற்கரையில் கலப்பத்து அடிப்பது என்பார்களே, அதேதான். அடிப்பாகத்துக்குச் செம்பு பெயின்ட். கையில் காசு தீர்ந்தால், துறைமுகத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வேலை பார்த்தார்.

13 மாதங்கள்... பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். பழைய படகில் பேரைத் தவிர பெரிசாக எதுவும் மிச்சமில்லை.

ஓடும் வீட்டில் ஓயாத வேலை

1895 ஏப்ரல் 24, பாஸ்டனிலிருந்து கிளம்பினார். விலை உயர்ந்த க்ரோனோமீட்டர் இல்லை. வழியில் ஒரு டாலருக்கு வாங்கிய, முகப்பு உடைந்த தகரக் கடிகாரம்தான் இருந்தது.

படகிலேயே வாழ்ந்தால் ரிப்பேர் முடியவே முடியாது. மொராக்கோ அருகே கொள்ளையர் துரத்தியபோது, சூறைக்காற்றில் பாயைத் தாங்கும் கட்டை முறிந்தது. பியூனஸ் அயர்ஸில் பாய்மரத்தின் உயரத்தைக் குறைத்தார். மெகல்லன் ஜலசந்தியைத் தாண்டியதும் புயலில் பெரிய பாய் கந்தலானது. உட்கார்ந்து தைத்தார். இரவில் யாரும் ஏறிவிடாமல் இருக்க, டெக்கில் கார்ப்பெட் ஆணிகளைத் தூவிவிட்டுத் தூங்கினார். ஏறியவர்கள் அலறிக் குதித்து ஓடினார்கள்!

டாஸ்மேனியாவில் படகைக் கரையேற்றி, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒன்றுகூட இல்லை. மறுபடி ஒரு கோட்டிங் செம்பு பெயின்ட்.

உழைப்புக்குப் பலன் இந்தியப் பெருங்கடலில் தெரிந்தது. தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 23 நாள்கள். சுக்கானை அவர் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரத்துக்குள்தான். கட்டிவைத்த சுக்கானோடு படகு தானாகவே நேராகப் போனது. அவர் சமைத்தார், புத்தகம் படித்தார்.

திரும்பிய இடம்

1898 ஜூன் 27, நியூபோர்ட் வந்து சேர்ந்தார். 46,000 மைல், மூன்று வருஷம், இரண்டு மாதம். பிறகு நேராக ஃபேர்ஹேவனுக்குப் போய், முதன்முதலாகப் படகைத் தண்ணீரில் இறக்கியபோது கட்டிய அதே கம்பத்தில் கட்டினார். 1900-ல் வந்த பயணப் புத்தகம் அவரைப் பிரபலமாக்கியது.

கரையில் ஒரு பண்ணை வாங்கிப் பார்த்தார். மனசு ஒட்டவில்லை. 1909 நவம்பரில் அதே ஸ்ப்ரேயில் தென் அமெரிக்காவை நோக்கித் தனியாகக் கிளம்பியவர், திரும்பவே இல்லை. படகும் கிடைக்கவில்லை. 1924-ல்தான் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

மனைவி, கப்பல், வேலை எல்லாம் போன மனிதர், எல்லோரும் கைவிட்ட படகைத்தான் தேர்ந்தெடுத்தார். அந்த 13 மாதத்தில் அவர் ரிப்பேர் பார்த்தது படகை மட்டுமா என்ன?