திரித்துவத்தை மறுத்த மைக்கேல் செர்வீட்டஸ்

கிறிஸ்தவ சமயத்தார் யாவரும் ஈஸா நபி (அலை) அவர்களைக் குறித்து ஒரே விதமான கொள்கை உடையவர்கள் என்றே நம்மில் பலர் எண்ணி வருகின்றோம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவர், ஆயினும் இறைவன் ஒருவனே என்னும் திரித்துவக் கொள்கை அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் நம்பிக்கை என்பது உண்மையே. ஆனால் அக்கொள்கை எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிடவில்லை. குமாரன் படைக்கப்பட்டவரே என்று போதித்தார் அலெக்சாந்திரியா நகரத்து அரியூஸ். கி.பி. 325-ல் நிக்கேயாவில் கூடிய ஆயர் பேரவை அதனைத் தள்ளி, குமாரன் பிதாவோடு ஒரே உள்ளமை உடையவர் எனத் தீர்மானித்தது. 381-ல் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய பேரவை அதனை உறுதி செய்தது. அதன் பின்னரும் மாறுபட்ட குரல்கள் எழாமல் இல்லை. அத்தகைய குரல்களுள் ஒன்றுக்கு உரியவரான மைக்கேல் செர்வீட்டஸ் என்பாரின் வாழ்க்கையை இம்மாதம் வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

ஸ்பெயின் தேசத்து அரகான் பகுதியிலுள்ள சிகேனா என்னும் சிற்றூரில் 1511-ஆம் ஆண்டளவில் செர்வீட்டஸ் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1492-ல், கிரானடா வீழ்ந்து ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி முடிவுற்றிருந்தது. அதே ஆண்டில் யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். காஸ்டீலில் 1502-லும், அரகானில் 1526-லும், ஒன்று ஞானஸ்நானம் பெறவேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்ற ஆணை முஸ்லிம்கள்மீது பிறந்தது. இத்தகைய சூழ்நிலையிலேதான் அவர் வளர்ந்தார். யூதரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவத்தை ஏற்க முடியாமல் தடுத்து நிற்பது திரித்துவக் கொள்கையே என்பதைப் பிற்காலத்தில் அவர் தம் நூலில் எழுதினார்.

சட்டம் படிக்க பிரான்ஸ் தேசத்துத் தூலூஸ் நகருக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கே பைபிளை முழுமையாகப் படிக்கலானார். திரித்துவம் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லாதது அவருக்குப் பெரும் வியப்பை அளித்தது. 1530-ல் பொலோனா நகரில் ஐந்தாம் சார்லஸ் பேரரசருக்குப் போப்பாண்டவர் முடிசூட்டிய விழாவுக்கும் அவர் சென்றிருந்தார். போப்பாண்டவரை மனிதர்கள் தோளில் சுமந்து செல்ல, மக்கள் மண்டியிட்டு வணங்கிய காட்சி அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது.

சீர்திருத்தக்காரர்களிடமாவது தம் ஐயங்களுக்கு விடை கிடைக்கும் என்று கருதிய அவர் பாசல், ஸ்ட்ராஸ்பர்க் நகரங்களுக்குச் சென்றார். அவர்களோ போப்பாண்டவரை எதிர்த்தனரேயன்றித் திரித்துவத்தை எதிர்க்கவில்லை. 1531-ல், ஏறத்தாழ இருபது வயது வாலிபராயிருந்தபோது, திரித்துவத்தின் பிழைகளைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூலை எழுதி, தம் சொந்தப் பெயருடனேயே வெளியிட்டார். ரோமாபுரிச் சபையார், சீர்திருத்தச் சபையார் ஆகிய இரு சாராருமே வெகுண்டெழுந்தனர்.

ஊரும் பெயரும் மாற்றிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லாமற்போயிற்று. மிஷேல் டி வில்னூவ் என்னும் பெயருடன் பிரான்ஸில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். லியோன் நகரத்து அச்சகத்தில் பணியாற்றித் தாலமியின் பூகோள நூலை 1535-ல் பதிப்பித்தார். பாரிஸில் மருத்துவம் பயின்றார். பின்னர் வியென் நகரில் பேராயரின் மருத்துவராக அமர்ந்து, நன்மதிப்புடன் வாழ்ந்தார்.

இத்துடன் அமைதியாக இருந்திருப்பாராயின் அவர் முதுமை எய்திப் படுக்கையிலேயே மரித்திருப்பார். உள்ளத்தில் உண்மை என்று பட்டதை மறைத்து வைக்க அவரால் இயலவில்லை. ஜெனீவா நகரின் சீர்திருத்தத் தலைவரான கால்வினுக்குக் கடிதங்கள் எழுதினார். கால்வின் அனுப்பிய நூலின் ஓரங்களில் மறுப்புகளைக் குறித்துத் திருப்பி அனுப்பினார். கால்வினுக்கு அடங்காத சினம் மூண்டது. செர்வீட்டஸ் ஜெனீவாவுக்கு வந்தால் உயிரோடு திரும்ப விடப்போவதில்லை என்ற கருத்தில் 1546-ல் அவர் தம் தோழருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கின்றது.

1553 ஜனவரியில் செர்வீட்டஸின் பெருநூல் வியென் நகரில் இரகசியமாக அச்சாகி முடிந்தது. கிறிஸ்தவத்தை அதன் ஆதி நிலைக்கு மீட்பது பற்றிய நூல் அது. பாசல் நகரில் 1543-ல் அச்சான லத்தீன் குர்ஆன் மொழிபெயர்ப்பை அவர் படித்திருந்தார். அதிலிருந்தும் தம் நூலில் மேற்கோள் காட்டினார். இந்நூலில்தான், இரத்தம் இதயத்தின் வலப்பக்க அறையிலிருந்து நுரையீரல் வழியாகச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, இடப்பக்கத்தை அடைகின்றது என்ற உண்மையையும் அவர் எழுதினார். ஐரோப்பாவில் அதனை முதன்முதலாக அச்சில் தந்தவர் அவரே. ஆனால் 1288-ல் கெய்ரோவில் மறைந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸ் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதனை அரபியில் எழுதிவைத்திருந்தார் என்பது 1924-ல் உலகுக்குத் தெரியவந்தது.

நூலின் ஆசிரியர் யார் என்ற செய்தி ஜெனீவாவிலிருந்த கால்வினின் நண்பர் ஒருவர் மூலமாகவே பிரான்ஸிலிருந்த கத்தோலிக்க அதிகாரிகளுக்கு எட்டியது. அவர் கால்வினுக்கு எழுதிய கடிதங்களும் சான்றாக அனுப்பப்பட்டன. ஏப்ரலில் செர்வீட்டஸ் சிறைப்பட்டார். விடியற்காலையில் தோட்டத்துக்குச் செல்லச் சாவி கேட்டு வாங்கி, மதிலைத் தாண்டித் தப்பினார். ஆளைப் பிடிக்க முடியாத அதிகாரிகள், ஜூன் 17-ல் அவருடைய உருவத்தையும் நூல்களையும் தீயிலிட்டனர்.

இத்தாலிக்குப் போக எண்ணிய அவர், வழியில் ஜெனீவாவுக்கே வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் அடையாளம் கண்டுகொள்ளப்பட்டுக் கைதானார். விசாரணை இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. குர்ஆனைப் படித்ததும் அவர்மீது சாட்டப்பட்ட குறைகளுள் ஒன்றாயிருந்தது. சிறையில் குளிரும் பேனும் நோயும் அவரை வாட்டின. மாற்றுடைகூட இல்லை என்று மன்றத்தாருக்கு விண்ணப்பித்தார். சூரிச், பெர்ன், பாசல், ஷாஃப்ஹௌசன் நகரச் சபைகளும் அவர் குற்றவாளியே என்று எழுதின. திரித்துவத்தையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீயிலிடாமல் தலையை வெட்டலாம் என்று கால்வின் கேட்டார். மன்றத்தார் அதற்கு இணங்கவில்லை.

1553 அக்டோபர் 27-ல் நகருக்கு வெளியே சம்பேல் குன்றில், தம் நூலோடு சேர்த்து அவர் உயிருடன் எரிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்திரண்டு. நித்திய இறைவனின் குமாரனே என்றே அவர் கடைசியாக இயேசுவை அழைத்தார். இறைவனின் நித்திய குமாரனே என்று அழைக்க இறுதிவரை இசையவில்லை. நித்தியம் என்ற சொல்லை இறைவனிடமிருந்து எடுத்துக் குமாரனுக்குச் சூட்ட மறுத்தார் என்பதே அதன் பொருள்.

இங்கே நாம் ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். செர்வீட்டஸ் இஸ்லாத்தைத் தழுவியவர் அல்லர். நம்முடைய ஏகத்துவம் அவருடைய கொள்கையும் அன்று. மூவர் என்பதை அவர் மறுத்தாரேயன்றி, இயேசுவை இறைமகன் என்றும், இறைத்தன்மை உடையவர் என்றுமே நம்பினார். ஈஸா நபி (அலை) அவர்களை அல்லாஹ்வின் அடியார், தூதர் என நம்பும் நமக்கும் அவருக்கும் இடையே பெரிய அகழி உண்டு. ஆகவே அவரை நம்மவராக்கிக் கொண்டாடுவது உண்மைக்கு மாறாகும்.

பின் எதற்காக அவர் வரலாற்றைப் படிக்கவேண்டும்? நம்பிக்கையை நெருப்பால் மாற்ற முடியாது என்பதை அறிவதற்காகவே. அவரை எரித்ததால் அவருடைய கேள்வி எரிந்துவிடவில்லை. மறு ஆண்டே, 1554-ல், செபாஸ்டியன் காஸ்டெல்லியோ என்ற கிறிஸ்தவ அறிஞர் கொள்கைக்காக மனிதரைக் கொல்வதைக் கண்டித்து எழுதினார். டிரான்சில்வேனியா நாட்டில் 1568-ல் பல சபைகளுக்கும் போதிக்கும் உரிமை வழங்கப்பட்டு, திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் சபை வேரூன்றியது. அவ்வழியினரின் சபை ஒன்று 1795-ல் நம் சென்னையிலும் தோன்றியது. செர்வீட்டஸின் நூலில் எரிக்கப்படாமல் எஞ்சியவை மூன்றே பிரதிகள். பாரிஸ், வியன்னா, எடின்பரோ நகரங்களில் அவை காக்கப்படுகின்றன. அவர் எரிக்கப்பட்ட இடத்தருகே 1903-ல் கால்வினின் வழியினரே வருத்தம் தெரிவித்து நினைவுக்கல் நாட்டினர்.

இதைப் படித்துவிட்டு, இக்கொடுமை பிறருக்கே உரியது என்று நாம் நிம்மதியடைந்துவிட வேண்டாம். குர்ஆன் படைக்கப்பட்டதா இல்லையா என்ற வினாவுக்கு அரசாங்கம் விரும்பிய விடையைச் சொல்லுமாறு கி.பி. 833-ல் கலீஃபா மஃமூன் ஆலிம்களை நிர்ப்பந்தித்ததும், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இணங்க மறுத்துச் சிறைப்பட்டு, அடுத்த கலீஃபாவின் காலத்தில் கசையடி பட்டதும் நம் வரலாற்றில்தானே நிகழ்ந்தன? இமாம் அவர்களின் முதுகில் விழுந்த அடி அவர்கள் உள்ளத்தைத் தொட முடியவில்லை.

மார்க்கத்தில் நிர்ப்பந்தத்திற்கு இடமில்லை என்பதையும், வேதக்காரர்களுடன் அழகிய முறையிலேயே உரையாட வேண்டும் என்பதையும் திருமறை நமக்குக் கற்பித்துள்ளது. நம் அண்டை வீட்டுக் கிறிஸ்தவருடன் பேச நேரும்போது, அவர் நம்புவது இன்னதென்று நாமே முடிவு கட்டாமல், முதலில் அவரிடமே கேட்போம். நம் கொள்கையை மறைக்காமலும், அவர் உள்ளம் புண்படாமலும் எடுத்துரைப்போம். சொல்வதே நம் கடமை. உள்ளங்களைத் திருப்புவது அல்லாஹ்வின் கையிலேயே உள்ளது. அவன் நம் அனைவரையும் நேர்வழியில் நிலைநிறுத்துவானாக. ஆமீன்.